சின்ன பிளாஸ்ரிக் டப்பாவுக்கு லேசாத் திறக்கிற மூடி டிசைன் பண்ணுறது: அளக்கிறதில இருந்து அச்சு (மோல்ட்) வெட்டக் குடுக்கிறது வரைக்கும்

வாய் அகலம் 40 மில்லிமீற்றரில இருந்து 90 மில்லிமீற்றர் வரைக்கும் உள்ள டப்பாக்களப் பற்றி மட்டும்தான் இதில எழுதிறன். 100 கிராம் மிளகாய்த்தூள், ஒடியல்மா, சூரணம், லேகியம், ஊறுகாய் எண்டு போட்டு யாழ்ப்பாணத்தில சுன்னாகம், திருநெல்வேலிப் பக்கக் கடையள்ல அடுக்கி வைக்கிற சைஸ். அமத்தினா டிக்கெண்டு பூட்டுற மூடி. முறுக்கிற மூடியப் பற்றிக் கடைசிப்பக்கம் கொஞ்சம் இருக்கு.

புதுசாத் தொடங்கிற பெடிபெட்டையள் எல்லாரும் நேர கொம்பியூட்டரத் திறந்து மூடியக் கீறத் தொடங்குவினம். கீறினது பாக்க வடிவா இருக்கும், பிறின்ற் பண்ணினா டப்பாவில பொருந்தவும் செய்யும், ஆனா கழட்ட ஏலாது, ஏனெண்டா அவையள் யோசிச்சது முழுக்க மூடுறதப் பற்றித்தான். திறக்கேக்க முதல் ஒரு சென்ரிமீற்றர் எந்த இடத்தில கிளம்பப்போகுது எண்டத முதல்ல முடிவெடுத்திட்டு மிச்சம் எல்லாத்தையும் அதுக்கேத்தமாதிரி வையுங்கோ. கீழ இருக்கிற ஒழுங்கு அதுக்காகத்தான், மாத்திச் செய்தா ரெண்டு வேலை.

1. தொடங்க முதல் கையில இருக்கவேண்டியது

ஒரே டப்பாவில அஞ்சாறு. ஒண்டு காணாது, ஒரே பெட்டிக்குள்ள இருந்து எடுத்த டப்பாக்களே ஒண்டுக்கொண்டு வித்தியாசமா இருக்கும். விட்டம், தடிப்பு அளக்கிற டிஜிற்றல் கலிப்பர் ஒண்டு. வெளிநாட்டுக்குப் போற ஆக்கள் சூட்கேஸ் நிறுக்கிற கொளுக்கித் தராசு ஒண்டு, இது எங்கட ஊரில அனேகமா ஒவ்வொரு வீட்டிலயும் அலுமாரிக்குள்ள கிடக்கும், புதுசா வாங்கத் தேவையில்ல. இரும்பறுக்கிற வாள் பிளேற், ரிசு, கலர்த்தண்ணி, தேங்காயெண்ணெய், தடிச்ச றப்பர் கையுறை.

திரீடி பிறின்ரர் சொந்தமா இருக்கவேணும் எண்டில்ல, பிறின்ற் பண்ணித் தாற ஆள் ஒருத்தர் கிட்ட இருந்தாக் காணும். டிசைனுக்கு ஃப்ரீகேட் மாதிரிக் காசில்லாத சொப்ட்வெயாரே தாராளம்.

டப்பாவின்ர அடியில முக்கோணத்துக்குள்ள இருக்கிற நம்பரையும் பாத்து எழுதுங்கோ. 5 எண்டால் பொலிப்புரொப்பிலீன், 4 எண்டால் மெத்தையான பொலித்தீன் வகை, 2 எண்டால் விறைச்ச பொலித்தீன் வகை, 1 எண்டால் பெற், 6 எண்டால் உடையிற வகை பொலிஸ்ரைரீன். மூடி எவ்வளவு பிடிக்கலாம் எண்டத டப்பாவின்ர வாய் எவ்வளவு நெளியும் எண்டதும் சேர்ந்துதான் தீர்மானிக்கும்.

2. யார் திறக்கினம், எந்தக் கையால எண்டு எழுதுங்கோ

மூண்டு வரி காணும். ஆள் ஆர், கை எப்படி இருக்கும், ஒரு நாளைக்கு எத்தினை தரம் திறப்பினம். உதாரணத்துக்கு: "குசினியில நிண்டு சமைக்கிற அம்மா, ஒரு கையில அகப்பை, மற்றக் கையில எண்ணெய், நாளைக்கு மூண்டு நாலு தரம்." இந்த ஒரு வரியே ரெண்டு விசயத்தச் சொல்லிப்போடும்: கை வழுக்கும், நகத்த நம்ப ஏலாது. சூரணம் எண்டால் அனேகமா வயசான ஆள், விரல் மூட்டு நோ, கிள்ளிப் பிடிக்க ஏலாது, ஆனா உள்ளங்கையால அமத்தவோ பெருவிரலால தள்ளவோ ஏலும்.

இதே இடத்தில ஒரு கேள்வி கேட்டுத்தான் ஆகவேணும், உள்ளுக்க என்ன போடப்போறினம்? குளிசை, தின்னர், மண்ணெண்ணெய், பூச்சிமருந்து எண்டால் இந்த வழிகாட்டிய இதோட மூடி வையுங்கோ. அதுகளுக்குச் சின்னப் பிள்ளையள் திறக்க ஏலாத மூடி வேணும், திரும்பத் திரும்பத் திறந்து மூடுற அந்த வகைப் பெட்டியளுக்கு ஐஎஸ்ஓ 8317 எண்ட தரநிலை இருக்கு, அதில மூண்டரை நாலு வயசுப் பிள்ளையளையும் 50 இல இருந்து 70 வயசு வரைக்கும் உள்ள பெரியாக்களையும் வைச்சுச் சோதிக்கினம், பிள்ளைக்குத் திறக்கப்படாது பெரியாளுக்குத் திறக்கவேணும். லேசாத் திறக்கிறதுக்கும் 2015 இல வந்த ஐஎஸ்ஓ 17480 எண்டு ஒண்டு இருக்கு. எங்கட தூள் டப்பாவுக்கு இது ரெண்டும் கட்டாயமில்ல, ஆனா குளிசை டப்பாவில லேசான மூடி கேட்டு வாற ஆளுக்கு ஏலாது எண்டு சொல்லத் தெரிஞ்சிருக்கவேணும்.

3. டப்பாவின்ர வாய அளக்கிறது

வாயின்ர வெளி விளிம்பில ஒரு சின்ன வரம்பு ஓடும், மூடி பிடிக்கிறது அதிலதான். அதின்ர வெளி விட்டத்த நாலு இடத்தில அளவுங்கோ, டப்பாவக் கொஞ்சங்கொஞ்சமாச் சுத்திச் சுத்தி. வட்டம் எண்டு நாங்கள் நினைக்கிறது பாதி நேரம் லேசா முட்டை வடிவமா இருக்கும். எல்லா டப்பாவிலயும் அளந்து ஆகப் பெரிய நம்பரையும் ஆகச் சின்ன நம்பரையும் எழுதி வையுங்கோ. சராசரி எடுக்காதேங்கோ. பெரிய டப்பாவில மூடி இறுகி நிக்கும், சின்னதில கழண்டு விழும், சராசரி டப்பா எண்டு ஒண்டு கடையில இருக்காது.

கலிப்பரால அமத்தி அளக்கிறது பெரிய பிழை. மெல்லிய சுவர் உள்ளுக்கப் போயிடும், நம்பர் குறைச்சுக் காட்டும். தொட்டும் தொடாமலும் பிடியுங்கோ. டப்பாவ வெறுமனயும் அளவுங்கோ, சாமான் நிரப்பியும் அளவுங்கோ, நிரப்பினா வயிறு தள்ளி வாயும் கொஞ்சம் மாறும், சதுர டப்பாவில இது நல்லாத் தெரியும்.

வரம்புக்குக் கீழ எவ்வளவு பள்ளம் எண்டத வெளியில இருந்து அளக்கவே ஏலாது. ஒரு டப்பாவ வாள் பிளேற்றால மேலயிருந்து கீழ ரெண்டா அறுங்கோ. அறுத்த முகத்த ரிசுவால துடைச்சு, பக்கத்தில ஒரு அடிமட்டத்த வைச்சு ஃபோனில நேரா மேல இருந்து போட்டோ எடுத்து டிசைனுக்குள்ள போட்டு அதுக்கு மேல கீறுங்கோ. ஒரு டப்பா போகும்தான், ஆனா அந்த வெட்டுமுகத்தில வரம்பு வட்டமா சரிவா எண்டது, சுவர் எவ்வளவு தடிப்பு எண்டது, வாய் விளிம்பு மட்டமா வளைவா எண்டது எல்லாம் ஒரேயடியாத் தெரியும்.

4. நாக்க எங்க வைக்கிறது எண்டு முதல் முடிவெடுங்கோ

பிடிப்பு எவ்வளவு எண்டு கணக்குப் போட முதல் நாக்கு, அதாவது மூடி விளிம்பில விரலால பிடிச்சுத் தூக்க எண்டு வெளியில நீட்டி விடுற துண்டு. வாழைப்பழத்த ஒரு நுனியில தொடங்கி உரிக்கிறமாதிரித்தான் மூடியும் கழரவேணும். சுத்திவர ஒரே நேரத்தில தூக்கினா முழுப் பிடிப்பையும் ஒரே அடியா வெல்லவேணும், ஒரு இடத்தில தொடங்கினா அந்த நேரத்தில விலகிற ஒண்டு ரெண்டு சென்ரிமீற்றரை வென்றாக் காணும்.

வட்ட டப்பாவில நாக்கு எங்கயும் வைக்கலாம். சதுரத்தில மூலையில வையுங்கோ. நேர்ப்பக்கத்தின்ர நடுவில வைச்சா தொடங்கிறது லேசு மாதிரித் தெரியும், பிறகு மூலையில வந்து மாட்டுப்பட்டு நிக்கும், ஏனெண்டா மூலைதான் விறைப்பு, நெளியாது. முதல்லயே மூலையக் கழட்டிட்டா ரெண்டு பக்கமும் தன்ர பாட்டில வரும்.

நாக்கின்ர அளவுகள், நான் தொடங்கிறது இதிலதான்: அகலம் 18 மில்லிமீற்றர், வெளியில நீட்டிக்கொண்டு நிக்கிறது 10, அதுக்குக் கீழ விரல் போக இடைவெளி குறைஞ்சது 4. புதுசா செய்யிற ஆக்கள் நாக்க நீட்டுவினம் ஆனா கீழ இடைவெளி விடமாட்டினம், டப்பாவின்ர தோளில நாக்கு போய்ப் படுத்திருக்கும், பிறகு நகம்தான் உள்ளுக்கப் போகவேணும். நகம் வெட்டின கைக்கு, எண்ணெய்க் கைக்கு, அந்த மூடி பூட்டின பெட்டிதான்.

மெல்லிய நாக்கத் தூக்கினா நாக்குத்தான் வளையும், மூடி அப்பிடியே இருக்கும். தடிப்ப 1 மில்லிமீற்றரில இருந்து 1.3 ஆக்கினாலே விறைப்பு ரெண்டு மடங்குக்கு மேல ஏறும், ஏனெண்டா தடிப்பின்ர மூண்டாம் அடுக்கில அது கூடுது. அதோட நாக்குக்குக் கீழ ரெண்டு சின்ன எலும்பு மாதிரிக் கோடு ஓட விடுங்கோ, நாக்கில இருந்து மூடியின்ர விளிம்புக்குள்ள போய் முடியிறமாதிரி. நாக்கோட நிக்காம உள்ளுக்கப் போறதுதான் முக்கியம், இல்லாட்டி அது தொடங்கிற இடத்திலயே மடியும். கரை எல்லாம் அரை மில்லிமீற்றர் வட்டமா உருட்டி விடுங்கோ, கூர்க்கரை வயசான விரலுக்கு நோகும், நோகிற இடத்தில ஒருத்தரும் பலமா அமத்தமாட்டினம்.

5. அடைக்கிறது ஒரு வளையம், பிடிக்கிறது வேற வளையம்

இதத்தான் கன பேர் குழப்பிறவை. ஊறுகாய் எண்ணெய் கசியுது எண்டால் உடன பிடிப்ப இறுக்குவினம், இறுக்கினா திறக்க ஏலாது, ஏலாட்டி இளக்குவினம், திரும்பக் கசியும். இப்பிடியே போகும்.

கசியாம இருக்கிறதுக்கு மூடியின்ர உள்பக்கம் ஒரு மெல்லிய வளையம் கீழ இறங்கி டப்பாவின்ர வாய்க்கு உள்ளுக்கப் போய் ஒட்டி நிக்கவேணும். வாயின்ர உள் விட்டத்த விட 0.1 இல இருந்து 0.2 மில்லிமீற்றர் பெருசு, உயரம் 2.5, நுனி லேசாச் சரிவு. மாரிக்கு, ஐப்பசி கார்த்திகையில ஒடியல்மாவும் தூளும் ஈரம் இழுத்துக் கட்டியாகிறதத் தடுக்கிறதும் இந்த வளையம்தான். இது முழு வட்டமா இருக்கவேணும், எங்கயும் விடுபடக்கூடாது.

வெளி விளிம்பில டப்பாவின்ர வரம்புக்குக் கீழ போய் மாட்டுற பிடிப்பு முழு வட்டமா இருக்கத் தேவையே இல்ல. அதத் துண்டு துண்டா விடுங்கோ, வட்ட டப்பாவில 12 மில்லிமீற்றர் நீளத்தில ஆறு துண்டு. நாக்குக்கு நேர கீழ துண்டு வைக்காதேங்கோ, ரெண்டு பக்கமும் சேர்த்து ஒரு 22 மில்லிமீற்றர் வெறுமையா விடுங்கோ. தூக்கேக்க முதல் கிளம்பிற இடத்தில எதிர்ப்பு இல்லாமப் போகுது, விளிம்பு கிளம்பினாப் பிறகு பக்கத்துத் துண்டுகள் ஒண்டொண்டாக் கழரும்.

இப்ப கணக்கு. டப்பா வரம்பின்ர வெளி விட்டம் 60, மூடிப் பிடிப்பின்ர உள் விட்டம் 59.2 எண்டு வைப்பம். மூடி கழரவேணும் எண்டால் 0.8 மில்லிமீற்றர் விரியவேணும், 0.8 ஐ 59.2 ஆல பிரிச்சா 1.35 வீதம். பொலிப்புரொப்பிலீன் மூடிக்கு நான் 1 வீதத்தில தொடங்கித் தேவையெண்டால் மேல போவன். நம்பர் 4 பொலித்தீன் மெத்தை, அது கூட விரியும், அதாலை பிடிப்பும் கொஞ்சம் கூட வேணும். ஆகப் பெரிய டப்பாவுக்கும் ஆகச் சின்ன டப்பாவுக்கும் இந்த வீதத்தத் தனித்தனியாப் போட்டுப் பாருங்கோ, இதுக்குத்தான் ரெண்டு நம்பரையும் எழுதச் சொன்னது.

பிடிப்பின்ர சரிவும் இருக்கு. மூடேக்க வழுக்கி இறங்கிற பக்கம், நட்டுக்குத்தான கோட்டில இருந்து 30 பாகை. திறக்கேக்க ஏறிற பக்கம் 45 பாகை. ஏறிற பக்கத்த 90 ஆக்கினா அது பூட்டு, உடைச்சாத்தான் வரும். திறக்கிறது இறுக்கமா இருக்கு, ஆனா பிடிப்பின்ர அளவக் குறைக்க விருப்பமில்ல எண்டால் இந்த 45 ஐ 40 ஆக்கிப் பாருங்கோ, ஒரே தரத்தில ரெண்டையும் மாத்தாதேங்கோ, பிறகு எதால லேசாச்சுது எண்டு தெரியாது.

6. காத்துக்கு வழி விடுங்கோ

மூடி நல்லாத்தான் இருக்கு, வெறும் டப்பாவில லேசாக் கழருது, ஊறுகாய் போட்டா மட்டும் ஒருத்தராலயும் திறக்க ஏலாது எண்டு வருவினம். சூட்டோட மூடியிருப்பினம். 80 பாகைச் சூட்டில மூடி 30 பாகைக்கு ஆறினா உள்ளுக்க இருக்கிற காத்து சுருங்கிறதால மட்டும் அமுக்கம் கிட்டத்தட்ட 14 வீதம் இறங்கும். 60 மில்லிமீற்றர் மூடியில அது நாலு கிலோப் பாரம் மேல ஏறி இருக்கிறதுக்குச் சமன். சுடச்சுட ஆவியும் இருந்திருந்தா, அது தண்ணியாக இன்னும் கூட இழுக்கும்.

உள்வளையத்தின்ர கீழ் நுனியில, நாக்குக்கு நேர, ஒரு மில்லிமீற்றர் உயரத்துக்கு ஒரு சின்ன வெட்டு வையுங்கோ. மூடியிருக்கேக்க வளையத்தின்ர மேல்பகுதி முழு வட்டமா அடைச்சுக்கொண்டுதான் இருக்கும். நாக்கத் தூக்கி அந்தப் பக்கம் ஒண்டரை மில்லிமீற்றர் கிளம்பின உடன வெட்டுக்குள்ளால காத்து உள்ளுக்கப் போகும், பிறகு மூடி தன்ர பாட்டில வரும். கெடாம இருக்கவேணும் எண்டு தெரிஞ்சுகொண்டே சூட்டோட மூடுற ஆக்களுக்கும் இது வசதி, அவையின்ர முறையில கை வைக்கத் தேவையில்ல. தூள், மா போடுற ஆக்களுக்கு நல்லா ஆறவிட்டு மூடச் சொல்லுங்கோ, அவ்வளவுதான்.

உள்வளையத்த 5, 6 மில்லிமீற்றர் ஆழமா இறக்கிறதும் இதே பிரச்சினையத் தரும், இழுக்கேக்க பம்பு மாதிரி வேலை செய்யும்.

7. முழு மூடியையும் பிறின்ற் பண்ணாதேங்கோ

முதல்ல விளிம்பு வளையமும் நாக்கும் மட்டும், மேல்தட்டு 1 மில்லிமீற்றருக்கு. பிடிப்பு விட்டத்த 0.1 மில்லிமீற்றர் வித்தியாசத்தில மாத்தி நாலு வளையம் ஒரே தரத்தில போடுங்கோ. ஒவ்வொண்டிலயும் நாக்கில 1, 2, 3, 4 எண்டு நம்பரப் பொறிச்சு விடுங்கோ, மேசையில கிடந்தா எல்லாம் ஒரே மாதிரித்தான் இருக்கும்.

மேல்தட்டு பிறின்ரர் தட்டில படுக்கிறமாதிரி, வாய் மேல பாக்க வையுங்கோ. அப்பதான் விளிம்பு விரியேக்க, பிறின்ரர் ஒண்டுக்கு மேல ஒண்டாப் போடுற படை நீளத்துக்கு இழுபடும். விளிம்பில நிக்கிறமாதிரி நிமித்தி வைச்சுப் பிறின்ற் பண்ணினா படைக்கும் படைக்கும் நடுவில வெடிக்கும், நாக்கு முதல் இழுவையிலயே கையோட வரும். பிறின்ரரில போடுற பிளாஸ்ரிக்கில பீஎல்ஏ உடையிற சாதி, 60 பாகைக்குக் கிட்ட இளகத் தொடங்கும், எங்கட வெயிலில நிண்ட வாகனத்துக்குள்ள வைச்சிட்டு வந்து அளந்தா நம்பர் எல்லாம் பொய். பெற்ஜி எண்ட வகை நல்லம்.

ஒண்ட மறக்கக்கூடாது. பெற்ஜி, பீஎல்ஏ ரெண்டும் பொலிப்புரொப்பிலீன விட விறைப்பு. பிறின்ற் பண்ணினது இறுக்கமாத்தான் இருக்கும், பிளாஸ்ரிக்க உருக்கி விடுற அச்சில வாறது அத விட லேசா இருக்கும். அதாலை பிறின்ற்ற பிறின்ற்றோட ஒப்பிடுங்கோ, சந்தையில இருக்கிற மூடியோட ஒப்பிடாதேங்கோ. படை இடுக்குகள்ல அழுக்குத் தங்கும், பிறின்ற் பண்ணின மூடியப் போட்டுச் சாப்பாட்டுச் சாமான் விக்கவும் கூடாது.

8. தராசால அளந்து, பிறகு கையில குடுத்துப் பாருங்கோ

நாக்கின்ர நடுவில ஒரு சின்ன ஓட்டை போட்டு, கொளுக்கித் தராசக் கொழுவி, டப்பாவ மேசையோட அமத்திப் பிடிச்சுக்கொண்டு மெல்ல நேர மேல இழுங்கோ. கழரிற அந்தக் கணத்து நம்பர்தான் வேணும், அது கண்ணுக்குப் பிடிபடாது, ஃபோனில வீடியோ எடுத்துப் பிறகு நிப்பாட்டிப் பாருங்கோ. ஒன்றரைக் கிலோவுக்குக் கிட்ட வந்தா எனக்குச் சந்தோசம், ரெண்டரைக்கு மேல போனா வயசான ஆக்களுக்குக் குடுக்கமாட்டன். முக்காலுக்குக் கீழ போனா பையுக்குள்ள தன்ர பாட்டில திறக்கும்.

பிறகு கலர்த்தண்ணி ஊத்தித் தலைகீழா ரிசுவில ஒரு இரவு. இடுப்பு உயரத்தில இருந்து சீமெந்து நிலத்தில நாலஞ்சு தரம் விடுங்கோ, ஒருக்கா மூலையில விழவும் வேணும்.

ஆக்களிட்டக் குடுக்கேக்க ஒண்டும் சொல்லாதேங்கோ. இதுதான் எல்லாரும் விடுற பிழை, "அம்மா, இந்த நாக்கப் பிடிச்சுத் தூக்குங்கோ" எண்டு சொல்லிக் குடுத்தா எல்லாராலயும் திறக்க ஏலும், கடையில வாங்கிறவைக்கு நீங்கள் பக்கத்தில நிண்டு சொல்லப்போறியளோ? பேசாமக் குடுத்திட்டு முதல் விரல் எங்க போகுது எண்டு பாருங்கோ. தூள் அரைக்கிற மில்லில நிண்ட ஒரு அம்மா டப்பாவ வாங்கி ரெண்டு சுத்துச் சுத்திப் பாத்திட்டு, "தம்பி, இது எந்தப் பக்கம்?" எண்டு கேட்டா. நாக்கும் மூடியும் ஒரே கறுப்பு. நாக்கில நாலு வரிக்கோடு மேடாப் போட்டு விட்டாப் பிறகு அதே அம்மாவின்ர பெருவிரல் நேர அங்க போச்சு. ஆரும் கரண்டிக் காம்பையோ கத்தியையோ தேடினா, பல்லால கடிச்சா, அந்த நாக்கு சரியில்ல, தராசு என்ன சொன்னாலும்.

தேங்காயெண்ணெய் பூசின கையாலயும், தடிச்ச கையுறை போட்டும் நீங்களே திறந்து பாருங்கோ. டப்பா மற்றக் கைக்குள்ள வழுக்குது எண்டால் பிரச்சினை மூடியில இல்ல, டப்பாவின்ர பக்கத்தில சொரசொரப்பு இல்ல, ஒரு காகித லேபிள் ஒட்டினாலே வித்தியாசம் தெரியும்.

9. அச்சுக்காரரிட்டக் குடுக்க முதல்

பொலிப்புரொப்பிலீன் ஆறேக்க 1 இல இருந்து 2.5 வீதம் வரைக்கும் சுருங்கும். 60 மில்லிமீற்றரில 1.5 வீதம் எண்டாலே 0.9 மில்லிமீற்றர், எங்கட பிடிப்ப விடக் கூட. அதாலை சுருக்கத்த ஆர் சேர்க்கிறது எண்டு எழுத்தில முடிவெடுங்கோ. நீங்கள் முடிஞ்ச மூடியின்ர அளவையும் பிளாஸ்ரிக் வகையையும் குடுங்கோ, சுருக்கத்த அச்சுக்காரர் சேர்க்கட்டும். ரெண்டு பேரும் சேர்த்தா மூடி டப்பாவில ஆடும்.

பிடிப்பச் சின்னனாத் தொடங்கச் சொல்லுங்கோ. மூடியில இருக்கிற மேடு அச்சில பள்ளம், பள்ளத்த இன்னும் ஆழமா வெட்டலாம், வெட்டினத நிரப்பிறது பெரிய செலவு. லூசாத் தொடங்கி இறுக்கிக்கொண்டு போறதுதான் மலிவு.

சுவர்த் தடிப்பு எல்லா இடமும் ஒரே அளவா 1 இல இருந்து 1.2, எலும்புகள் அதில பாதிக்குக் கொஞ்சம் மேல, கூடினா மேல்பக்கம் குழி விழும். நேர்ச்சுவருக்கு ஒரு பாகை சரிவு. பிளாஸ்ரிக் உள்ளுக்க வாற வாசல் மூடியின்ர நடுவில, நாக்கில கட்டாயம் வேண்டாம். முதல் சுத்து மூடியளச் சுடச்சுட அளக்காதேங்கோ, ஒரு நாள் விட்டு அளவுங்கோ, வெளியில வந்தாப் பிறகும் சுருங்கிக்கொண்டுதான் இருக்கும்.

மூடிய டப்பாவோட ஒட்டின கீல் வேணும் எண்டால் பொலிப்புரொப்பிலீன்தான், கீல் இருக்கிற இடம் 0.3 மில்லிமீற்றருக்குக் கிட்ட, அச்சால வந்த சூட்டோட ரெண்டு தரம் மடிச்சு விடவேணும். அதப் பிறின்ற் பண்ணிப் பாத்து ஒண்டும் அறிய ஏலாது, முறியும்.

10. முறுக்கிற மூடி எண்டால்

மூடி உயரம் 15 மில்லிமீற்றருக்குக் குறைய வேண்டாம், விரல் பிடிக்க இடம் காணாது. பக்கத்தில நெருக்கமான சின்னக் கோடுகள விட எட்டுப் பத்துப் பெரிய குழிவுகள் நல்லம், சின்னக் கோட்டுக்குள்ள எண்ணெய் தங்கி வழுக்கும். தூள் டப்பாவுக்கு நெருங்கின புரி வைச்சா தூள் புரிக்குள்ள இறங்கி இறுகிப்போகும், ஒரு சுத்துக்குள்ள திறக்கிற அகலப் புரி வையுங்கோ.

11. ஸ்ரிக்கர் ஒட்டிற இடம்

எல்லாம் சரியா வந்தாப் பிறகு, இது புதுசு எண்டு காட்ட மூடியையும் டப்பாவையும் சேர்த்து ஒரு ஸ்ரிக்கர் ஒட்டுவினம், அதுவும் நாக்குக்கு மேல, ஏனெண்டா அங்கதான் ஒட்ட வசதி. நாக்கில கை வைக்க ஏலாமப் போயிடும். நாக்குக்கு எதிர்ப்பக்கம் ஒட்டச் சொல்லுங்கோ, நடுவில ஊசியால குத்தின ஓட்டை வரிசை ஒண்டோட. நாக்கத் தூக்கி மூடி அரைவாசி வந்தாப் பிறகுதான் இழுவை ஸ்ரிக்கருக்குப் போகும், அப்ப ஓட்டை வரிசையில லேசாக் கிழியும், திறந்தது திறந்ததாவும் தெரியும். ஒட்டிற இடத்த லேபிள் வரைபடத்திலயே பெட்டி போட்டுக் காட்டிக் குடுங்கோ, வாயால சொன்னா பக் பண்ணுற இடத்தில மாறிப்போகும்.